சலசலப்பு கேட்காத வாணலி

பாலக்காட்டுச் சாலையோரச் சிப்ஸ் கடையில் நேந்திரங்காய் வறுப்பவரைக் கொஞ்ச நேரம் நின்று பாருங்கள். அவர் கண் சட்டியில் இருக்காது. அடுத்த காயைச் சீவிக்கொண்டிருப்பார், வந்தவருக்குச் சில்லறை எண்ணிக் கொடுப்பார், பக்கத்துக் கடைக்காரரிடம் ஊர்க்கதை பேசுவார். காது மட்டும் சட்டியோடு இருக்கும். சீவல் விழுந்ததும் எண்ணெய் ஆர்ப்பரிக்கும். உப்பும் மஞ்சளும் கரைத்த நீரை ஒரு கரண்டி ஊற்றும்போது மறுபடி பொங்கும். பிறகு அந்தச் சத்தம் மெல்லத் தேயும். பெரிய குமிழ்கள் சின்னக் குமிழ்களாகும். சலசலப்பு அடங்கி, சீவல்கள் ஒன்றோடொன்று உரசும் வறண்ட ஒலி கேட்டதும் அவர் கை தானாக ஜல்லிக்கரண்டியை எடுக்கும். இன்னும் அரை நிமிடம் விட்டால் மஞ்சள் பழுப்பாகும், பழுப்பு கசப்பாகும்.

அந்தச் சலசலப்பு எண்ணெயின் சத்தம் இல்லை. காய்க்குள் இருக்கும் நீர் ஆவியாகி எண்ணெயைத் துளைத்துக்கொண்டு வெளியேறும் சத்தம். எண்ணெய் 180 டிகிரியில் காய்ந்தாலும், நீர் இருக்கும்வரை காயின் சூடு 100 டிகிரியை ஒட்டித்தான் நிற்கும். நீர் தீர்ந்த இடத்தில் சூடு மளமளவென்று ஏறும். 140 டிகிரியைத் தாண்டியதும் சர்க்கரையும் புரதத்தின் கூறுகளும் சேர்ந்து பொன்னிறத்தையும் வறுத்த மணத்தையும் தருகின்றன. 1912-இல் இதை விவரித்த பிரெஞ்சு வேதியியலாளர் லூயி கமீல் மையாரின் பெயரால் இதை மையார் வினை என்கிறார்கள். நாம் விரும்பும் மொறுமொறுப்பும் நிறமும் இங்கேதான் பிறக்கின்றன. கருகலும் இதே பாதையில் நாலு எட்டு தள்ளி நிற்பதுதான்.

ஏர் ஃப்ரையரில் அந்தச் சத்தம் கேட்காது. ஆவி வரத்தான் செய்கிறது, விசிறியின் இரைச்சல் அதை விழுங்கிவிடுகிறது. கூடை மூடியிருப்பதால் குமிழும் நிறமும் தெரியாது. மணம் வரும், ஆனால் எச்சரிக்கும் மணம் மூக்குக்கு எட்டும்போது பாதி கருகியிருக்கும். முப்பது வருடம் வாணலியில் ஓர் அப்பளத்தைக்கூடத் தீயவிடாத பெண்கள் இந்தப் பெட்டியில் முதல் வாரமே தட்டுத் தட்டாகக் கருக்குவதை நான் பார்த்திருக்கிறேன். கைப்பக்குவம் எங்கும் போய்விடவில்லை. அவர்கள் எந்தக் காதை நம்பிச் சமைத்தார்களோ அந்தக் காதை இந்தக் கருவி அடைத்துவிட்டது. அதற்கு ஈடாக எதையெல்லாம் வைத்துக்கொள்ளலாம் என்று சொல்வதுதான் இந்த அத்தியாயம்.

இரண்டு அடுப்படிகளை வைத்துச் சொல்கிறேன். ஒன்று என்னுடையது, பாலக்காட்டில் தமிழ்நாட்டு எல்லையோரம் உள்ள கொழிஞ்சாம்பாறையில். பங்குனி சித்திரையில் ஓடு சுட்டு அடுப்படியே அனலாகிவிடும் சமவெளி. மற்றது என் அக்காவுடையது, மூணாற்றில் தேயிலைத் தோட்டத் தொழிலாளர் குடியிருப்பான லயம் ஒன்றில். சுமார் 1,500 மீட்டர் உயரம். மார்கழி, தை விடியலில் புல்மேல் உறைபனி வெளுத்துக் கிடக்கும் நாட்கள் உண்டு. இரண்டு வீட்டுக்கும் 1,500 வாட் கருவி, ஒரே மாடல், கோயமுத்தூரில் ஒரே நாளில் வாங்கியது. ஆனாலும் ஒரே கணக்கில் வைத்தால் ஒரே மாதிரி வந்ததில்லை.

கையேட்டு எண் யாருக்கு எழுதியது?

ஃபிரெட் வான் டெர் வெய் என்ற நெதர்லாந்துக்காரர் எண்ணெய்ச் சட்டி இல்லாமல் மொறுமொறுப்பான உருளைக்கிழங்கு வறுவல் வேண்டும் என்று உழைத்து உருவாக்கிய கருவி இது. பிலிப்ஸ் நிறுவனம் 2010-இல் பெர்லின் மின்னணுக் கண்காட்சியில் இதை வெளியிட்டது. இன்று எத்தனையோ நிறுவனங்கள் செய்கின்றன, உள்ளே இருப்பது ஒன்றுதான். மேலே ஒரு ஹீட்டர் காயில், அதன் தலைக்கு மேல் ஒரு விசிறி. சூடான காற்று வேகமாகக் கீழே இறங்கி, கூடையின் ஓட்டைகள் வழியாகச் சுற்றி வந்து மறுபடி மேலேறும். பொரிப்பதாகப் பெயர் சொன்னாலும் செய்வது விசிறி வைத்த சின்ன அவனின் வேலை.

பிறந்த காரணம் கையேட்டில் இன்னும் தெரிகிறது. 200 டிகிரி, 18 நிமிடம் என்று அச்சிட்டிருப்பது பெரும்பாலும் உறைந்த உருளைக்கிழங்குத் துண்டுக்கான எண். அது ஏற்கெனவே அரைவேக்காடு வெந்து, எண்ணெய் பூசி, பனிக்கட்டியாக வந்து விழுகிறது. அத்தனை குளிரையும் நீரையும் துரத்த 200 டிகிரி வேண்டும். நம் வீட்டில் கூடைக்குள் போவது நேந்திரங்காய், மரவள்ளிக்கிழங்கு, மசாலா தடவிய மத்தி, பலாக்கொட்டை, பாவக்காய் கொண்டாட்டம் என்ற வற்றல். இவற்றில் எதற்கும் அந்த எண் பொருந்தாது. அக்காவின் லயத்தில் ஒருநாள் மருமகள் கையேட்டை விரித்து, “அத்தை, பதினெட்டு நிமிஷம்னு போட்டிருக்கு” என்றாள். அக்கா, “புஸ்தகத்துக்கு நம்ம கெழங்கத் தெரியுமா? ஆறு நிமிஷத்துல தொறந்து பாரு” என்றாள். எனக்குத் தெரிந்து இந்தக் கருவியைப் பற்றி யாரும் சொன்ன மிக நல்ல பேச்சு அது.

திறந்து பார்ப்பதால் சூடு போய்விடும் என்று பலர் அஞ்சுகிறார்கள். பெட்டி சின்னது, காற்றும் கொஞ்சம். இரண்டு நொடி இழுத்துப் பார்த்துத் தள்ளினால் ஒரு நிமிடத்துக்குள் பழைய சூட்டுக்கு வந்துவிடும். கேக் தவிர வேறு எதற்கும் திறந்து பார்ப்பதில் நட்டமில்லை. புதிய பொருள் எதுவானாலும், கையேடோ வீடியோவோ சொன்ன நேரத்தில் மூன்றில் ஒரு பங்கு போனதும் முதல் தடவை, பாதியில் இரண்டாவது தடவை, பிறகு இரண்டு நிமிடத்துக்கு ஒரு தடவை. இழுத்தவுடன் முகத்தில் ஆவி அடிக்கிறதா என்று கவனியுங்கள். கண்ணாடி போட்டவர்களுக்குக் கண்ணாடி மங்கும். ஆவி அடித்தால் நீர் இன்னும் இருக்கிறது, அவ்வளவு சீக்கிரம் கருகாது. ஆவி நின்று வறண்ட சூடு மட்டும் முகத்தில் பட்டால், அதுதான் சட்டியில் சலசலப்பு அடங்கிய நேரம். கூடையை ஒருமுறை குலுக்குங்கள். ஈரக்காய் தப்தப்பென்று விழும், வறண்ட சீவல் கலகலக்கும். விசிறி நிற்கும் அந்த இரண்டு நொடியில் காது நமக்குத் திரும்பக் கிடைக்கிறது.

நீரும் இனிப்பும்

ஒரு பொருள் எவ்வளவு சீக்கிரம் கருகும் என்று தெரிய இரண்டு கேள்வி போதும். இதில் நீர் எவ்வளவு? இனிப்பு எவ்வளவு?

உருளைக்கிழங்கில் ஐந்தில் நான்கு பங்கு நீர். அதனால் பொறுமையாக வேகும். ஆனால் அதே கிழங்கு மலையில் வேறு குணம் காட்டும். வட்டவடையிலும் காந்தல்லூரிலும் விளையும் கிழங்கை மூட்டையாக வாங்கிக் குளிர்ந்த மூலையில் போட்டு வைப்பது மலைவீட்டு வழக்கம். ஆறேழு டிகிரிக்குக் கீழே சில வாரம் கிடந்தால் கிழங்கின் மாவு கொஞ்சம் கொஞ்சமாகச் சர்க்கரையாக மாறும். சமவெளியில் ஃப்ரிட்ஜுக்குள் வைத்தாலும் இதேதான். வேகவைத்துச் சாப்பிட்டால் லேசாக இனிக்கும், அவ்வளவே. வறுத்தால் உள்ளே வேகும் முன் ஓரமெல்லாம் கருஞ்சிவப்பாகிவிடும். ஐப்பசியில் பொன்னிறமாக வந்த அதே கணக்கில் தை மாதம் கருகியதற்கு அக்கா கருவியைத்தான் குறைசொன்னாள். கிழங்கை அடுப்புக்குப் பக்கத்தில் கூடையில் ஒரு வாரம் வைத்தால் சர்க்கரை ஓரளவு குறையும். அவசரமென்றால் நறுக்கி அரைமணி நேரம் தண்ணீரில் போட்டு, இரண்டு தடவை அலசி, துணியில் ஈரம் போக ஒற்றி எடுங்கள். அலசும்போது மேற்பரப்பில் உள்ள சர்க்கரையும் மாவும் போய்விடும். பிறகு 180 டிகிரியில் 15 நிமிடம், நடுவில் மூன்று குலுக்கல். விரல் கனத் துண்டுக்கு இது போதும்.

நிறத்தைப் பற்றி இன்னொன்று. 2002-இல் ஸ்வீடன் ஆய்வாளர்கள், மாவுப்பொருள்களை 120 டிகிரிக்கு மேல் வறுக்கும்போதும் சுடும்போதும் அக்ரிலமைடு என்ற வேதிப்பொருள் உண்டாகிறது என்று கண்டுபிடித்தார்கள். புற்றுநோயை உண்டாக்கக்கூடும் என்ற ஐயத்துக்குரிய பட்டியலில் உள்ளது அது. நிறம் கருக்கக் கருக்க அதன் அளவு கூடும். எண்ணெய் குறைவு என்பதால் ஏர் ஃப்ரையரில் செய்த கருகல் உடம்புக்கு ஆகும் என்று நினைத்துவிட வேண்டாம். பொன்னிறத்தில் எடுங்கள். கருகிய ஓரத்தைச் சுரண்டிப் போட்டுவிட்டு மிச்சத்தைக் குழந்தைகளுக்குக் கொடுங்கள்.

நேந்திரம் காயாக இருக்கும்போது மாவு, பழுக்கப் பழுக்கச் சர்க்கரை. காய்க்குத் தாங்கும் சூட்டைப் பழத்துக்கு வைத்தால் கரிதான். தோலில் கரும்புள்ளி விழுந்த பழமானால் 160 டிகிரிக்கு மேல் போகாதீர்கள். அரை விரல் கனத்தில் சீவி, எண்ணெய் தொட்டுத் தடவி, ஆறு நிமிடம் ஆனதும் பாருங்கள். பழம்பொரிக்கு மாவு கரைத்துத் தோய்த்துக் கூடையில் வைக்கவே வேண்டாம். மாவு ஓட்டைகள் வழியே ஒழுகிக் கீழே தீயும், மேலே இருக்கும் கொஞ்சம் மாவு விசிறிக் காற்றில் சிலிர்த்து உலரும். அது எண்ணெய்க்கு என்றே பிறந்த பண்டம்.

மறையூர் வெல்லம் நம் பகுதியின் பெருமை. 2019-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அதைத் தட்டித் தூளாக்கிப் பண்டத்தின் மேல் தூவிக் கூடையில் வைக்கும் செய்முறைகள் இப்போது நிறைய வருகின்றன. செய்யாதீர்கள். வெல்லத்தில் சாதாரணச் சர்க்கரையோடு பழச்சர்க்கரையும் கலந்திருக்கிறது, பழச்சர்க்கரை 110 டிகிரி வாக்கிலேயே பழுப்பாக ஆரம்பிக்கும். வெல்லம் பூசிய நேந்திரங்காயான சர்க்கரை வரட்டிக்குக் காயை மட்டும் கருவியில் மொறுமொறுவென்று எடுங்கள். வெல்லப்பாகை அடுப்பில் காய்ச்சி, சுக்கும் ஏலமும் சேர்த்து, வெளியே வைத்துப் புரட்டுங்கள். இனிப்பு எதுவானாலும் இதே வழி. முதலில் வேகட்டும், இனிப்பு கடைசியில், முடிந்தால் அடுப்புக்கு வெளியே.

பறக்கும் பண்டங்கள்

என் வீட்டில் முதலில் கருகியது தயிர் மிளகாய். மோர்மிளகாய் என்றும் கொண்டாட்டம் என்றும் வீட்டுக்கு வீடு பேர் மாறும். பாவக்காய், சுண்டைக்காய், மணத்தக்காளி வற்றல் எல்லாம் இந்தக் குடும்பம்தான். கோடை வெயிலில் நாள்கணக்காகக் காய்ந்தவை. நீர் பெயருக்குத்தான் இருக்கும். எனவே காயைக் காக்கும் கவசம் முதல் நொடியிலிருந்தே கிடையாது. 180 டிகிரியில் ஐந்து நிமிடம் வைத்தேன். திறந்தபோது கரித்துண்டுகள், அடுப்படி முழுக்க மிளகாய்ப் புகை. வீட்டில் எல்லோரும் இருமிக்கொண்டு வாசலில் நின்றோம். இப்போது 140 டிகிரி, கைப்பிடி கொண்டாட்டத்துக்கு அரைக் கரண்டி எண்ணெய் பிசறி, இரண்டு நிமிடம், குலுக்கல், பிறகு நிமிடத்துக்கு ஒரு பார்வை. நிறம் ஒரு படி கீழே இருக்கும்போதே எடுத்துவிடுகிறேன். மிச்சத்தை அதன் சூடே முடித்துவிடும்.

அப்பளமும் கூழ்வடாமும் கருகுவதோடு நிற்பதில்லை, பறக்கவும் செய்யும். விசிறிக் காற்று எடை குறைந்ததைத் தூக்கி மேலே உள்ள காயிலில் ஒட்டவைக்கும். அங்கே ஒட்டியது தீப்பிடிக்கும். கறிவேப்பிலை, கொத்தமல்லித் தழை, காலியாக வைத்த பட்டர் பேப்பர் எல்லாம் இதே ஆபத்து. பட்டர் பேப்பர் போடுவதானால் அதன் மேல் பண்டம் கனமாக இருக்க வேண்டும், ஓரங்கள் நிமிர்ந்து நிற்கக் கூடாது. பேப்பரை மட்டும் வைத்து முன்சூடு செய்யவே கூடாது. அப்பளத்துக்கு எண்ணெய் தொட்டு, மேலே ஒரு சின்ன ஸ்டீல் கம்பித்தட்டைக் கவிழ்த்து 170 டிகிரியில் ஒன்றரை நிமிடம் வைக்கலாம். கூழ்வடாமுக்கு மட்டும் என் கருத்தைத் திட்டமாகச் சொல்கிறேன்: வாணலியில் பொரியுங்கள். கொதி எண்ணெயில் விழுந்த கணத்தில் மிச்சமிருக்கும் துளி ஈரம் மொத்தமாக வெடித்துத்தான் வடாம் மலர்கிறது. காற்றில் அது பாதி மலர்ந்து பாதி கல்லாக நிற்கும். கல்லாக நிற்கிறதே என்று நேரத்தைக் கூட்டினால் மலர்ந்த பாதி கருகும். பாலக்காட்டுக் கல்பாத்தி அக்ரகாரத்திலும் கொழிஞ்சாம்பாறைக் களத்திலும் பாயை விரித்துப் பிழிந்து காயவைத்த உழைப்பை அப்படி வீணாக்க எனக்கு மனம் வரவில்லை.

ஆனி ஆடியில் மூணாற்றில் டப்பாவுக்குள் இருக்கும் சிப்ஸ்கூட நமுத்துப்போகும். அதை மீட்க இந்தக் கருவியைப் போல ஒன்று கிடையாது. ஆனால் வறுத்த பண்டத்தில் காக்கும் நீர் கிடையாது என்பதை மறக்காமல் 120 டிகிரியில் இரண்டு அல்லது மூன்று நிமிடம் வையுங்கள். ஆறிய பிறகுதான் மொறுமொறுப்பு தெரியும். சூட்டில் தொட்டுப்பார்த்து இன்னும் நமுத்திருக்கிறது என்று மறுபடி வைப்பதில்தான் பெரும்பாலோர் கருக்குகிறார்கள்.

உயரமும் கரண்டும்

ஒரு சாயங்காலம் அக்கா போனில் அழைத்தாள். “நீ சொன்ன கணக்குலதான் வெச்சேன் கண்ணு. வெளிய கருகிருச்சு, உள்ள கல்லாட்டம் இருக்குது.” வைத்தது மரவள்ளிக்கிழங்கு, பச்சையாக.

மலையேற ஏற நீர் கொதிக்கும் சூடு குறையும். 300 மீட்டருக்கு ஏறத்தாழ ஒரு டிகிரி. பாலக்காட்டில் 100 டிகிரியில் கொதிக்கும் நீர் மூணாற்றில் 95 வாக்கில் கொதித்துவிடும். கிழங்கின் உள்ளே ஈரம் இருக்கும்வரை அதற்குக் கிடைப்பது அந்த 95 டிகிரிதான், ஆகவே உள்வேக்காடு மெதுவாகிறது. மேற்பரப்பின் ஈரமோ சீக்கிரம் பறந்து, வெளிப்பக்கம் முன்கூட்டியே வறண்டு கருகுகிறது. உள்ளே வேகவில்லை என்று சூட்டைக் கூட்டினால் வெளியே இன்னும் கரியாகும். கனமான பண்டங்களுக்கு மலையில் நேர்மாறாகச் செய்ய வேண்டும். சூட்டை 10 அல்லது 20 டிகிரி குறைத்து நேரத்தைக் கூட்டுங்கள். அதைவிட நல்ல வழி, முதலில் அடுப்பில் வேகவைத்துவிட்டுக் கடைசி நிறத்துக்கு மட்டும் கருவியை நாடுவது. மரவள்ளிக்கு இது கட்டாயமும்கூட. அதில் இயற்கையாக உள்ள நச்சைக் குறைக்கத் தோலுரித்து நிறையத் தண்ணீரில் வேகவைத்து அந்தத் தண்ணீரைக் கொட்ட வேண்டும். ஏர் ஃப்ரையரில் பச்சையாகப் போட்டால் அந்தக் காரியம் நடக்காது. வெந்த கிழங்கை ஆறவைத்து, எண்ணெய் தடவி 190 டிகிரியில் பத்து நிமிடம் வைத்தால் வெளியே மொறுமொறு, உள்ளே பஞ்சு.

உயரத்தைவிட எனக்குப் பெரிய பாடமாக அமைந்தது கரண்டு. அதே பேச்சில் நான் கேட்டேன்: “அக்கா, அங்க கரண்டு எப்படி இருக்குது?” “சாயங்காலமானா டியூப்லைட்டே கண்ணச் சிமிட்டுது. பகல்ல பிரகாசமாத்தான் எரியுது.”

ஹீட்டரின் சக்தி வோல்டேஜோடு நேராகக் குறைவதில்லை, அதன் இருமடிப் பெருக்கமாகக் குறையும். 230 வோல்ட்டில் 1,500 வாட் தரும் காயில், 200 வோல்ட்டில் ஏறக்குறைய 1,130 வாட்தான் தரும். 180-க்கு இறங்கினால் 920 வாட். ஊர் உறங்கிய பிறகு 250-க்கு ஏறினால் 1,770 வாட். திரையில் 180 டிகிரி என்று காட்டினாலும் அந்தச் சூட்டை எட்ட எடுக்கும் நேரம் ஒவ்வொரு வேளையும் மாறுகிறது. எல்லை ஊர்களில் கருகல் நேரும் வழி பெரும்பாலும் இப்படித்தான்: சாயங்காலக் கரண்டில் 15 நிமிடத்தில் வேகவில்லை என்று 20 நிமிடமாக்கிப் பழகுகிறோம். ஞாயிற்றுக்கிழமை பகலில் விருந்தாளி வந்திருக்கும்போது அதே 20 நிமிடத்தை வைக்கிறோம். காயில் முழுச் சிவப்பில் எரிகிறது. கோழி கரியாகிறது.

ஆகவே கணக்கை எழுதும்போது வேளையையும் சேர்த்து எழுதுங்கள். என் அடுப்படிக் கதவின் உட்பக்கம் ஒரு தாள் ஒட்டியிருக்கிறேன். பண்டம், கனம், சூடு, நிமிடம், காலையா சாயங்காலமா, எப்படி வந்தது. ஒரு மாதம் எழுதினால் அந்தத் தாள்தான் உங்கள் வீட்டுக் கையேடு. அக்காவுக்கு என் தாளை அனுப்பிப் பயனில்லை, அவளுக்கு அவளுடையது வேண்டும்.

கரண்டு பேச்சு வந்ததால் இதையும் சொல்லிவிடுகிறேன். 1,500 வாட் கருவி ஆறரை ஆம்பியர் இழுக்கும். டிவிக்கும் செல்போனுக்கும் வைத்த சின்ன ஆறு ஆம்பியர் பிளக்கில், அதுவும் எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் வழியாகச் செருகினால் பிளக் சூடாகி இளகும். பழைய லயங்களின் ஒயரிங்குக்கு இது இன்னும் கேடு. 16 ஆம்பியர் பவர் பிளக் இல்லையென்றால் எலக்ட்ரீஷியனை வைத்து ஒன்று போட்டபிறகு சமையுங்கள்.

மசாலா தடவியவை

மீனும் கோழியும் கருகுவதாகச் சொல்பவர்களிடம் உற்றுக் கேட்டால், கருகியது மீன் இல்லை, மேலே பூசிய மசாலாதான். மிளகாய்த்தூள், மல்லித்தூள், இஞ்சி பூண்டு விழுது எல்லாம் மெல்லிய பூச்சு, நீர் குறைவு, அதில் இயற்கையான இனிப்பும் உண்டு. வாணலியில் எண்ணெய் அதை மூடிக் காக்கிறது. காற்றில் அது அம்மணமாக நிற்கிறது. காந்தல்லூர், வட்டவடைப் பூண்டு மணத்தில் காரமானது, அதற்கும் புவிசார் குறியீடு உண்டு. ஆனால் நறுக்கிய துணுக்காக மேலே ஒட்டியிருந்தால் ஐந்து நிமிடத்தில் கறுத்துக் கசந்துவிடும். நைசாக அரைத்துக் குடம்புளித் தண்ணீரிலோ தயிரிலோ கரைத்து உள்ளே ஊறவிடுங்கள். ஊறியபின் மேலே தடித்து நிற்கும் மசாலாவை விரலால் வழித்து எடுத்துத் தனியே வையுங்கள். மத்தியை 180 டிகிரியில் ஏழு நிமிடம் வேகவிட்டு, திருப்பி, வழித்து வைத்த மசாலாவை ஒரு கரண்டி எண்ணெயில் குழைத்துப் பூசி, இன்னும் மூன்று அல்லது நான்கு நிமிடம். மசாலா வேகும், கருகாது. தேங்காய்க் கொத்து, கறிவேப்பிலை போட விரும்பினால் அவையும் இந்தக் கடைசி நிமிடங்களில், மசாலாவோடு பிசறி ஒட்டினாற்போல.

எந்த எண்ணெய் என்பதும் முக்கியம். செக்கில் ஆட்டிய தேங்காயெண்ணெய் 175 டிகிரி வாக்கில் புகையத் தொடங்கும். கையேட்டை நம்பி 200-இல் வைத்தால் மீன் நன்றாக இருந்தாலும் புகைந்த எண்ணெயின் காந்தல் வாடை ஏறிவிடும். செக்கெண்ணெய் பழக்கமென்றால் சூட்டை 170-இல் நிறுத்தி, நேரத்தைச் சற்றுக் கூட்டிக்கொள்ளுங்கள்.

கோழித் தொடைக்கு 180 டிகிரியில் 20 நிமிடம் வரை ஆகும், எலும்பருகே சிவப்பு நீர் வருவது நிற்கும்வரை வெந்ததாகக் கொள்ள வேண்டாம். தோலில் உருகும் கொழுப்பு கீழே சொட்டிப் புகையும். கூடைக்கு அடியில் உள்ள வெளிப்பெட்டியில் மூன்று நான்கு கரண்டி தண்ணீர் ஊற்றி வைத்தால் புகை வராது. பெரிய துண்டுகளைக் கூடையின் பாதி உயரத்துக்கு மேல் அடுக்காதீர்கள். காயிலுக்கு அருகில் போகும் முனை, காற்றால் இல்லாமல் கங்குக்கு முன்னால் காட்டியதுபோல நேர்ச்சூட்டால் கருகும். அப்படி ஒரு முனை நீட்டிக்கொண்டிருந்தால் அதற்கு மட்டும் சின்ன அலுமினியம் ஃபாயில் தொப்பி போட்டு இறுக்கி மடித்துவிடுங்கள்.

பலாக்கொட்டையை மேல்தோலில் கத்தியால் கீறாமல் வைத்தால் உள்ளே அடைபட்ட ஆவி வெடித்துப் பெட்டி முழுக்கச் சிதறும். சிதறிய தூள் காயிலில் ஒட்டி, அடுத்த சமையலுக்கெல்லாம் கருகல் வாடை தரும். கீறிவிட்டு 180 டிகிரியில் 15 நிமிடம்.

சமைத்தது எல்லாம் நன்றாக இருந்தும் தீய்ந்த வாடை வந்தால் மேலே பாருங்கள். பிளக்கைப் பிடுங்கி, முழுக்க ஆறவைத்து, கூடையை எடுத்துவிட்டுக் கருவியைத் தலைகீழாகச் சாய்த்தால் காயில் தெரியும். பழைய பல்துலக்கியை ஈரப்படுத்திப் பிழிந்து மெல்லத் தேய்த்துத் துடைக்கலாம். கூடைக்கு இரும்பு நார் வேண்டாம். பூச்சு உரிந்த இடத்தில்தான் அடுத்த தடவை பண்டம் பிடித்துக் கருகும்.

உள்ளே தீப்பற்றியதாகத் தெரிந்தால் கூடையை இழுக்காதீர்கள், தண்ணீர் ஊற்றாதீர்கள். சுவரில் ஸ்விட்சை அணைத்துப் பிளக்கைப் பிடுங்கி, மூடியபடியே விட்டுவிடுங்கள். காற்று கிடைக்காமல் அணைந்துவிடும். அணைவதாகத் தெரியாவிட்டால் எல்லோரும் வெளியே வந்து 101-ஐ அழையுங்கள்.

இனி நேந்திரங்காய். கடைச் சிப்ஸ் அளவுக்கு வராது என்பதை முன்பே சொல்லிவிடுகிறேன், ஆனால் நன்றாக வரும். நன்கு முற்றிய பச்சைக்காய் இரண்டு. தோலுரித்து உப்பு மஞ்சள் தண்ணீரில் பத்து நிமிடம் போட்டு, மெல்லிய சீவலாகச் சீவித் துணியில் ஒற்றுங்கள். ஒரு கரண்டி எண்ணெய் விட்டுக் கையால் பிசறுங்கள், ஒவ்வொரு சீவலிலும் பட வேண்டும். ஒரு தடவைக்கு ஒரு காய் மட்டும். கூடையில் நெருக்கிப் போட்டால் நடுவில் இருப்பவை அவிந்து, ஓரத்தில் இருப்பவை கருகும். 160 டிகிரி. மூன்று நிமிடத்துக்கு ஒருமுறை இழுத்துக் குலுக்குங்கள். பத்தாவது நிமிடத்துக்கு மேல் முதலில் உலர்ந்தவற்றைப் பொறுக்கி வெளியே எடுங்கள், எல்லாம் ஒரே நேரத்தில் ஆக வேண்டும் என்று காத்திருக்க வேண்டாம். பன்னிரண்டு, பதினைந்து நிமிடத்துக்குள் மிச்சமும் வந்துவிடும். ஓரத்தில் பழுப்பு எட்டிப்பார்க்கும் முன், மஞ்சள் நிறத்திலேயே எடுத்து முறத்தில் பரப்பி இரண்டு நிமிடம் ஆறவிடுங்கள். பிறகு ஒன்றை எடுத்துக் காதருகில் வைத்து ஒடித்துப் பாருங்கள்.